எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று

எந்த எண்ணைப் பார்த்தாலும் பிரித்துப் போட்டுப் பார்க்கிற பழக்கம் ஃபுகே தோமோயோவுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. தகமட்சு நகரத்தில் அவள் பிறந்த தெருவில் ஒரு பொதுக் குளியல் கூடம். வாசலில் செருப்பு வைக்க எண் போட்ட மரப்பெட்டிகள் இருக்கும். 37, 41, 43 இவற்றில் ஒன்று காலியாக இருந்தால்தான் அவள் செருப்பைக் கழற்றுவாள். இல்லாவிட்டால் யாராவது குளித்து முடித்து வெளியே வரும்வரை குளிரில் நின்றுகொண்டிருப்பாள்.

"எதுல வெச்சா என்னடி? செருப்பு ஓடியா போயிடும்?" என்று அம்மா கத்துவாள். "அதோ 36 காலியா இருக்கு பாரு."

"36 வேண்டாம்மா. அது ரெண்டோடயும் போகும், மூணோடயும் போகும், நாலு, ஆறு, ஒம்பதுன்னு யாரு கூப்பிட்டாலும் போயிடும்."

அம்மாவுக்கு இது ஏதோ ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மட்டும் விளங்கியது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

இதை வைத்துத் தோமோயோ பெரிய கணித மேதையாக வந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் அவள் அறுபதைத் தாண்டியதே இல்லை. முக்கோணம் வரைந்தால் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்காது. எண்ணைப் பிரிப்பது ஒன்றுதான் அவளுக்கு வந்தது. அதற்குப் பரீட்சையில் மதிப்பெண் கிடையாது.

இருபத்தேழு வயதில் அவள் கமோசேவுக்கு வந்தாள். உள்கடல் ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். ஆரஞ்சுத் தோட்டங்கள், மீன்பிடித் துறை, கையுறை தைக்கும் ஒரு தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையில் ஆறு மாத ஒப்பந்த வேலைக்குத்தான் வந்தாள். தைத்து வரும் கையுறைகளில் இடதையும் வலதையும் தோலின் நிறம் பார்த்து, மடிப்புப் பார்த்து, ஜோடி சேர்க்கிற வேலை. ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் என்றார்கள். அப்படியே பதினோரு வருடம் போனது. தங்கியது, உதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ் விற்கும் மனபே என்பவரின் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். மனபேயை ஊரில் எல்லாரும் தைஷோ என்றுதான் கூப்பிடுவார்கள். படைத்தளபதி என்று அதற்கு அர்த்தம். அவருக்குப் படை என்று இருந்தது கொதிக்கிற மூன்று அண்டாக்களும், காலை ஆறு மணிக்கே கிண்ணத்தோடு வரிசையில் நிற்கிற ஊர்க்காரர்களும்தான்.

அந்தக் கடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் வந்து நான்காவது வருடம். ஊர் அலுவலகத்தில் குடியிருப்போர் பதிவைப் பார்த்துக்கொள்ளும் குரதானி பக்கத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார். குடிவந்தால் பதினான்கு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பிள்ளை பிறந்தால் பதினான்கு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் ஊரில் அவருக்குப் 'பதினாலு நாள் குரதானி' என்று பெயர். மாதா மாதம் வீடு வீடாக வரும் ஊர்ச் செய்தி இதழைத் தயாரிப்பதும் அவர்தான். அதன் கடைசிப் பக்கத்தின் மூலையில் அந்த மாதத்து மக்கள்தொகை இருக்கும்.

அன்று அந்த மூலையைப் பார்த்துத் தோமோயோ தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். "9,409. தொண்ணூத்தேழை அதாலயே பெருக்கினா வருது. ரொம்ப நல்லா இருக்கு."

குரதானி உறிஞ்சுவதை நிறுத்தினார். "எது நல்லா இருக்கு? போன மாசத்தைவிடப் பதினஞ்சு பேர் குறைஞ்சிருக்கு."

"அதில்லீங்க. எல்லாரையும் மைதானத்துல நிறுத்தினா தொண்ணூத்தேழு வரிசை, வரிசைக்குத் தொண்ணூத்தேழு பேரு. ஒரு ஆள் மிஞ்சாது, ஒரு இடம் காலியா இருக்காது."

குரதானி இருபது வருடமாக அந்த மூலையில் எண்ணைப் போடுகிறவர். ஒரு தடவைகூட யாரும் அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஃபுகே-சான், இதையே மூணு வரியில எழுதித் தர்றீங்களா?"

'இந்த மாத எண்' என்ற பகுதி அப்படித்தான் வந்தது. முதலில் யாரும் படிக்கவில்லை. பிறகு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் வேறு எதுவும் படிக்க இல்லாததால் படித்தார்கள். அதற்கப்புறம் விடவில்லை. மக்கள்தொகை 8,281 ஆன மாதம், தொண்ணூற்றொன்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று மறுபடியும் சதுரம் வந்துவிட்டது என்று எழுதினாள். மறுநாள் காலை கடையில் ஒரே பேச்சு.

"நிஜமாவே நிறுத்திப் பாத்தா என்ன?" என்றார் தைஷோ.

"கால் உடைஞ்சு கட்டுப் போட்டுக் கிடக்கிறவங்களே நாலு பேர் இருக்காங்க."

"அவங்களுக்கு ஓரத்து வரிசை குடுத்துடலாம், சாஞ்சுக்கட்டும்."

ஜூலை மாதக் கடைசியில் 8,208 வந்தது. அதைப் பற்றி அவள் எழுதியது ஊரையே கொஞ்சம் தலை நிமிர வைத்தது. எட்டை நான்கு தடவை பெருக்கினால் 4,096. இரண்டை நான்கு தடவை பெருக்கினால் 16. பூஜ்யத்துக்கு ஒன்றும் இல்லை. மறுபடியும் எட்டுக்கு 4,096. கூட்டினால் 8,208. தன்னைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டு, அந்தத் துண்டுகளிலிருந்தே திரும்பத் தன்னைக் கட்டிக்கொள்கிற எண். நான்கு இலக்கத்தில் இப்படி மொத்தமே மூன்றுதான் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தாள். பக்கத்து ஊர்க்காரர்களிடம் மீன் சந்தையில் இதைச் சொல்லிச் சொல்லிக் கமோசேக்காரர்கள் அவர்களை அலுக்க வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் முடிவில் 8,199. அந்த எண்ணைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கீழே கொஞ்ச தூரத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தபோது தோமோயோவுக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அதைத்தான் எழுதினாள். ஒன்றை எடுத்து இரட்டிப்பாக்குங்கள். இரண்டு, நான்கு, எட்டு என்று பதின்மூன்று தடவை இரட்டித்தால் 8,192. அதில் ஒன்று குறைந்தால் 8,191. அது பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர எதனாலும் வகுபடாது. இப்படி இரட்டித்து ஒன்று குறைத்து வருகிற பகா எண்கள் மிகக் குறைவு. இதற்கு முந்தையது 127. அடுத்தது 1,31,071.

தைஷோ இதைக் கடையில் உரக்கப் படித்துவிட்டு யோசித்தார். "அப்ப இதை விட்டா, ஊர்ல நூத்தி இருபத்தேழு பேர் மிஞ்சற வரைக்கும் காத்திருக்கணும்."

"இல்லேன்னா ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர் வரணும்" என்றாள் தோமோயோ.

"அத்தனை பேருக்கு உதோன் போட எங்கிட்ட அண்டா இல்ல. இந்த மாசமே பாத்துடுவோம்."

அதிலிருந்து செப்டம்பர் மாதம் முழுக்க ஊருக்கு வேறு வேலை ஓடவில்லை. மாதக் கடைசி நாள் எத்தனை பேர் என்பதுதான் இதழில் அச்சாகும். அதுவரை பொறுக்க முடியாமல் எல்லாரும் குரதானியின் மேசைக்கு முன்னால் வந்து நின்று 'இன்னிக்கு எவ்வளவு' என்று கேட்டுக் குடைந்தார்கள். பொறுக்க மாட்டாமல் அவர் அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, தினமும் நண்பகலில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். தைஷோ அதைப் பார்த்து வந்து தன் கடையில் விலைப்பட்டியலுக்குக் கீழே எழுதுவார்.

மேயருக்கு இது பிடிக்கவில்லை. அவர் தேர்தலில் நின்றதே ஊர் குறைவதை நிறுத்துகிறேன் என்று சொல்லித்தான். ஒரு நாள் மதியம் கடைக்கே வந்துவிட்டார்.

"தோமோயோ-சான், ஊர்ல ஆள் குறையறதுக்குத் திருவிழா கொண்டாடறீங்களா? வெளியூர்க்காரன் கேட்டா சிரிக்க மாட்டான்?"

தோமோயோவுக்கு மேயரோடு பேசிப் பழக்கமில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஊர் வளர்ந்தப்பவும் இந்த எண்ணைத் தாண்டித்தாங்க போயிருக்கும். அன்னிக்கு யாரும் பாக்கல. இறங்கும்போதாவது நின்னு பாத்துட்டுப் போலாமேன்னு."

மேயர் ஒரு தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொரித்த இறாலைக் கடித்தார். "குறைஞ்சுதான் ஆகணும்னா வெறுமனே குறையறதுக்கு இது தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து அலுவலக முகப்பில் தொங்கவிட ஒரு துணிப் பதாகைக்குச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

எண் ஒவ்வொன்றாக இறங்கியது. இருபத்து நான்காம் தேதி 8,194. இருபத்தொன்பதாம் தேதி நண்பகல் குரதானி பலகையில் 8,191 என்று எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாராம். இன்னும் ஒரே ஒரு நாள் யாரும் வராமல், போகாமல், பிறக்காமல், சாகாமல் இருந்தால் போதும். தொண்ணூற்றாறு வயதான ஒருவர் தன் மகளிடம், "நாளைக்கு மட்டும் நான் எங்கயும் போகல, கவலப்படாதே" என்று சொல்லி அனுப்பினார்.

முப்பதாம் தேதி மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தோமோயோ கடைக்கு வந்தபோது உள்ளே இருந்த இருபது பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலைப்பட்டியலுக்குக் கீழே 8,190 என்று எழுதியிருந்தது.

"யாரு?" என்று கேட்டாள்.

தைஷோ அண்டாவுக்குப் பின்னாலிருந்து வந்தார். முகம் நீராவியில் வெந்தது போல இருந்தது. "எம் பையன்தான். வங்கியில மட்சுயாமாவுக்கு மாத்திட்டாங்களாம், நாளைக்குச் சேரணுமாம். காலைல பதினோரு மணிக்குப் போயி ஊரை விட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கான். நாளைக்குக் குடுத்தா என்னடான்னு கேட்டா, 'குரதானி-சான் நேரத்தோட செய்யணும்னு சொல்லுவாரேப்பா'ங்கறான்."

"நல்லா வளத்திருக்கீங்க" என்றது ஒரு குரல்.

"வளத்தது அவங்கம்மா. நான் நூடுல்ஸ்தான் வெட்டினேன்."

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் வேண்டும், ஒரே ஒரு ஆள். ஒசாகாவில் இருக்கும் மச்சானை வரச் சொல்லலாமா? சட்டப்படி இங்கே குடியிருந்தால்தானே பதிவு செய்ய முடியும். பொய்ப் பதிவைக் குரதானி கண்ணாலும் பார்க்க மாட்டார். நிஜமாகவே இந்த ஊரில் குடியிருந்துகொண்டு, ஆனால் பதிவில் இல்லாத ஆள் வேண்டும். அப்படி யார் இருப்பார்கள்?

தோமோயோ குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தாள்.

"தைஷோ" என்றாள். "ஒரு ஆள் இருக்கு."

"எங்க?"

"மாடில."

தைஷோ கூரையை அண்ணாந்து பார்த்தார். "மாடில உன்னைத் தவிர யாரும்மா இருக்கா?" என்று கேட்டவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார். கடையில் இருந்த இருபது பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

நடந்தது இதுதான். பதினோரு வருடம் முன்பு அவள் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கிய அன்று, நிலையச் சுவரில் ஒட்டியிருந்த இதழில் ஊரின் மக்கள்தொகை 9,973 என்று பார்த்தாள். நான்கு இலக்கப் பகா எண்களில் அதுதான் பெரியது. தான் போய்ப் பதிவு செய்தால் அது 9,974 ஆகும். இரண்டால் வகுபடும். ஆறே மாதம் இருந்துவிட்டுப் போகிறவள் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். அடுத்த மாதம் எண் மாறியது. ஆனால் அப்போது பதினான்கு நாள் தாண்டியிருந்தது. குரதானி எதிரே வந்தால் அவள் அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள். பிறகு அதே குரதானி மாதா மாதம் எண்ணைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்ததும், சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது. பதிவேட்டில் அவள் இன்றைக்கும் தகமட்சுவில் அம்மா வீட்டில்தான் இருந்தாள். தபாலெல்லாம் அங்கேதான் போய்க் குவியும்.

"பதினோரு வருஷமா?" என்றார் தைஷோ.

"ஆமாங்க."

"எங்க எல்லாரையும் எண்ணினே. உன்னை நீ எண்ணல."

தோமோயோவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் திட்டிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. யாரோ ரயில் கால அட்டவணையை எடுத்தார்கள். குடிவரவைப் பதிய வேண்டுமானால் தகமட்சு நகர அலுவலகத்தில் போய் அங்கிருந்து வெளியேறுவதற்கான சான்று வாங்கி வர வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். குரதானியின் கவுன்ட்டர் ஐந்தேகாலுக்கு மூடும். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஒரு ரயில் இருந்தது. தொழிற்சாலை மேற்பார்வையாளரும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் நூடுல்ஸோடு, 'போ போ' என்று கையை மட்டும் ஆட்டினார்.

நடைமேடையில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, வீட்டுப் பதிவுலேர்ந்து என் பேரை எடுக்கப் போறேன். இன்னிக்கே."

"யாருடி அவரு?"

"யாரும் இல்லம்மா. ஒரு எண்."

"எண்ணா? எத்தனை வயசு?"

"ரயில் வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்."

ரயிலில் உட்கார்ந்ததும்தான் அவளுக்கு மெல்ல உறைத்தது. பதினோரு வருடமாகக் குரதானி போட்ட ஒவ்வொரு எண்ணும் ஒன்று குறைவு. அதைப் பார்த்து அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் தப்பு. 8,281 என்று சதுரம் கட்டினாளே, நிஜத்தில் அன்று ஊரில் இருந்தது 8,282 பேர். தொண்ணூற்றொரு வரிசையும் கச்சிதமாக நிற்க, ஒருத்தி மட்டும் வெளியே நின்றுகொண்டு வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தலை நிமிர வைத்த 8,208 நிஜத்தில் 8,209. ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி அதை ஏழால் வகுத்தாள், பதினொன்றால் வகுத்தாள், பதின்மூன்றால், பதினேழால் என்று தொண்ணூறு வரைக்கும் போனாள். எதனாலும் போகவில்லை. அதுவும் பகா எண். ஜூலைக் கடைசியில் ஊர் ஒரு பகா எண்ணில் உட்கார்ந்திருந்திருக்கிறது, அவளுக்கே தெரியாமல். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி ஒரு மிட்டாயை நீட்டினார்.

தகமட்சு நகர அலுவலகத்தில் வரிசைச் சீட்டு 257 வந்தது. பகா எண்தான். ஆனால் பலகையில் 219 ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பெருக்கல் எழுபத்து மூன்று, அசையவே மாட்டேன் என்று நின்றது. அவள் முறை வந்தபோது மணி மூன்று ஐந்து.

கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் படிவத்தைப் பார்த்தாள். "எப்ப குடிபோறீங்க?"

"போயாச்சுங்க. இருபத்தஞ்சாம் வருஷம், ஏப்ரல்."

"இருபத்தஞ்சாம் வருஷம்… இது ரெய்வா ஆறுதானே ஆகுது? இன்னும் வரலியே."

"ஹெய்ஸெய் இருபத்தஞ்சு."

சக்கரவர்த்தி மாறினால் வருடத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிற நாடு; இது போன சக்கரவர்த்தியின் காலக் கணக்கு. அந்தப் பெண்ணின் பேனா ஒரு நொடி நின்றது. "சாமான்லாம் போய்ச் சேந்துடுச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. முத்திரை குத்தினாள்.

திரும்பும் ரயில் ஒற்றைப் பாதையில் எதிரே வரும் விரைவு ரயிலுக்காகப் பதினான்கு நிமிடம் நின்றது. கமோசேவில் இறங்கும்போது நான்கு ஐம்பத்தெட்டு. தைஷோ உதோன் மாவு ஏற்றும் வண்டியோடு நிலைய வாசலில் இருந்தார். அவள் கதவைச் சாத்துவதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது. வழியில் இருந்த ஒரே சிவப்பு விளக்கில் நின்றபோது, "இந்த விளக்கை வெச்சவனும் பதிவுல இருக்கானா பாக்கணும்" என்று முணுமுணுத்தார்.

அலுவலகத்தில் ஏற்கெனவே சேதி தெரிந்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. குரதானி மட்டும் நிமிராமல் படிவத்தை நீட்டினார். அவள் நிரப்பினாள். குடிவந்த நாள் என்ற இடத்தில் உண்மையான தேதியை எழுதினாள். பதினான்கு நாளைத் தாண்டியவர்கள் தாமதத்துக்கான காரணத்தைத் தனித்தாளில் எழுத வேண்டும். அவள் யோசித்துவிட்டு, '9,973 பகா எண்ணாக இருந்தது' என்று எழுதினாள்.

குரதானி அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஃபுகே-சான். மாசா மாசம் உங்க கையில நான்தான் எண்ணைக் குடுத்தேன். நீங்க அதை வாங்கிட்டு 'சரியா இருக்கு'ன்னு சொல்லுவீங்க."

"மன்னிச்சுக்குங்க."

"என் வேலைல இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்லைன்னு வீட்ல சொல்லிட்டிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூத்தி முப்பத்தேழு மாசம் தப்பு."

தோமோயோ குனிந்து நின்றாள். வாயில் வந்துவிட்டதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நூத்தி முப்பத்தேழும் பகா எண்தாங்க" என்றாள் மெல்ல.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். குரதானியின் உதடும் லேசாகக் கோணியது. முத்திரையை எடுத்து, ஒரு தடவை ஊதி, அழுத்தினார். மணி ஐந்து பத்து. வாசலுக்குப் போய்ப் பூஜ்யத்தைத் துடைத்துவிட்டு ஒன்று போட்டார். 8,191. ஐந்தேகால் ஆனதும் கை தட்டினார்கள். 8,191 என்று எழுதிய பதாகை முகப்பில் விரிந்து இறங்கியது. மேயர் எல்லாரோடும் கை குலுக்கினார், தோமோயோவிடம் மட்டும், "அடுத்த தேர்தல்ல உங்களுக்கும் இங்க ஓட்டு உண்டு, என்னை மறந்துடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையில் விசேஷ நாள் வழக்கப்படி சிவப்பும் வெள்ளையுமாக மீன் பணியாரம் அடுக்கியிருந்தது. தோமோயோ முதல் வாய் எடுத்து வைக்கும்போது குரதானி உள்ளே வந்தார். டை கோணலாக இருந்தது.

"நேத்து சாயந்தரம் ஆறரை மணிக்கு" என்றார், "கவுன்ட்டர் மூடினதுக்கப்புறம், காவல்காரர்கிட்ட ஒருத்தர் பிறப்புப் பதிவு குடுத்துட்டுப் போயிருக்காரு. மீன்பிடிப் படகுல வேலை பாக்கற யுஹாரா. விடியக்காலம் கடலுக்குப் போகணுமாம், அதனால அவசரமா வந்திருக்காரு. காவல்காரர் வாங்கினா வாங்கின தேதிதான் கணக்கு. நேத்து தேதி."

"அப்ப 8,192" என்றார் தைஷோ. குரல் இறங்கிவிட்டது.

"இல்ல. 8,193. ரெட்டைப் பிள்ளை."

விலைப்பட்டியலுக்குக் கீழே எழுதியதைத் தைஷோ கையாலேயே துடைத்தார். பிறகு மூலையில் இருந்த ஒரு பெண், "ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள். "ரெண்டும் பொண்ணு." "எடை எவ்வளவு?" என்று இன்னொருத்தி. அவ்வளவுதான், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஊரில் இரட்டைப் பிள்ளை பிறந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. மீன் பணியாரத்தை யுஹாராவின் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று தைஷோவே சொன்னார். அலுவலகப் பதாகையில் கடைசி ஒன்றை மூன்றாக்க ஒருவர் பெயின்ட் டப்பாவோடு கிளம்பினார். இரண்டு வளைவு சேர்த்தால் போதும் என்றார்.

தோமோயோவுக்கு மட்டும் ஒரு கிண்ணம் உதோன் தீரும்வரை மனது ஆறவில்லை. இத்தனை வருடம் கழித்து, ரயிலேறி ஓடி, அவமானப்பட்டும், அந்த எண் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. மனதுக்குள் 8,193-ஐ மூன்றால் வகுத்தாள். 2,731. சட்டென்று போய்விட்டது. அந்த 2,731-ஐ எடுத்துக்கொண்டாள். ஏழால் போகவில்லை. பதினொன்றால் போகவில்லை. சூப்பைக் குடித்தபடியே ஐம்பத்து மூன்று வரை வகுத்துப் பார்த்தாள். அசையவில்லை. குட்டியாக ஒரு பகா எண் உள்ளே இருந்தது.

அக்டோபர் இதழில் அவள் எழுதியது இது: 'பதின்மூன்று தடவை இரட்டித்து ஒன்று குறைத்தால் வரும் எண்ணுக்குக் காத்திருந்தோம். செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை ஒரு மணி இருபது நிமிடம் அதில் இருந்தோம். பிறகு, பதின்மூன்று தடவை இரட்டித்து ஒன்று கூட்டினால் வரும் எண்ணுக்குப் போய்விட்டோம். மூன்றும் 2,731-உம் இதன் காரணிகள். முப்பத்தெட்டு வயதான ஒரு குழந்தையும், ஒரே நாள் வயதான இரண்டு குழந்தைகளும் சேர்ந்து செய்தது. முந்தைய நூற்று முப்பத்தேழு மாத எண்களிலும் ஒன்றைக் கூட்டிப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கடைசி வாக்கியத்தைக் குரதானிதான் சேர்க்கச் சொன்னார். திருத்தம் என்று ஒன்று வெளியிட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

பதிவாகிவிட்டதால் தெருச் சங்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை வடிகால் சுத்தம் செய்ய வாரத்துக்கு மூன்று வீடாக நாலு வாரத்தில் முறை முடிந்துவிடும். இவளையும் ஒரு தனி வீடாகச் சேர்த்ததும் பதின்மூன்று ஆனது. சங்கத்துப் பெண்மணி பட்டியலோடு கடை மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"மூணு மூணாப் போட்டா ஒண்ணு மிஞ்சுது. நாலு நாலாப் போட்டாலும் ஒண்ணு மிஞ்சுது. ரெண்டு ரெண்டாப் போட்டாலும் அதேதான். நீங்கதான் எண்ணுல கெட்டிக்காரியாச்சே, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"வழியில்லீங்க" என்றாள் தோமோயோ.

"அப்ப மிஞ்சற ஆளு தனியாத்தான் செய்யணும்."

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, ரப்பர் காலணியும் அவள் தொழிற்சாலையில் ஜோடி சேராமல் ஒதுக்கிய இரண்டு இடக் கையுறைகளும் போட்டுக்கொண்டு, அவள் தனியாக வடிகாலில் இறங்கினாள். தைஷோ கடை வாசலில் நின்று, அந்தப் பக்கம் இன்னும் இலை கிடக்கிறது, இந்தப் பக்கம் இன்னும் இலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.